கப்பலிலும் ஒரு ஆர்.ஏ.சி.!

மும்பையில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய தமிழனுக்கு ரயில்வே சார்ட் என்பது ராசிபலன் மாதிரி. ஊருக்குக் கிளம்பும் நாளில் வெயிட்டிங் லிஸ்ட் 14, ஆர்.ஏ.சி. 6 ஆகி, பிறகு சைடு லோயராகி, கடைசியில் சார்ட்டில் நம் பெயர் தெரியும்போது கிடைக்கும் நிம்மதி இருக்கிறதே, அதை விமானத்தில் போகிறவர்கள் அறிய மாட்டார்கள். 2006-ல் ரயில்வே இன்னொரு ஆசையையும் காட்டியது. முழுக் கட்டணம் கொடுத்து ஸ்லீப்பர் எடுத்தவருக்கு, மேல் வகுப்பில் இடம் காலியாக இருந்தால், கூடுதல் காசு இல்லாமல் ஏ.சி. பெட்டி. எங்கள் செம்பூர் குடியிருப்பில் அப்படி ஒரு தடவை மூன்றாம் வகுப்பு ஏ.சி. கிடைத்த ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டு வருஷமாகக் கம்பளி கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த ருசிதான் என்னையும் கெடுத்தது. அதுவும் கப்பலில்.

என் அப்பா பிறந்தது பினாங்கில். தாத்தா அங்கே ஓர் அச்சகத்தில் கணக்கெழுதினார். 1961-ல் குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது அப்பாவுக்கு வயது பத்து. வந்தது 'ரஜுலா' கப்பலில். நாகப்பட்டினம், தஞ்சாவூர் பக்கத்துக் குடும்பங்களில் அந்தப் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காரும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளாஸ்கோவில் 1926-ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய் வந்து, 1974-ல் உடைக்கப்பட்டது. ஆரம்ப காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட 'டெக் பயணி'களை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறையும் கிடையாது, எண்ணும் கிடையாது. பாயை விரித்த இடம் உங்கள் இடம். தலைமாட்டில் டிரங்குப் பெட்டி. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும். படகில் இறங்கித்தான் கரை சேர வேண்டும். அப்பாவுக்கு அந்தப் படகு ஆடியது நினைவிருக்கிறது. அதைவிட நன்றாக நினைவிருப்பது, பினாங்குக் கரை சின்னதாகிக்கொண்டே போனதைத் தாத்தாவின் தோள் மேலிருந்து பார்த்தது.

"ஒரு தடவை அந்த ஊரை அதே மாதிரி கடல் வழியாப் பார்க்கணும்டா" என்று எப்போதாவது சொல்வார். ரஜுலாவுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985-ல் தீப்பிடித்ததோடு நின்றுபோயிற்று. இனி எந்தக் கப்பல் என்று நாங்களும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். உல்லாசக் கப்பல் என்று ஒன்று இருப்பது 2018-ல்தான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூரில் ஏறினால் பினாங்கு, புக்கெட் போய் நான்கே இரவில் திரும்பி வந்துவிடலாம்.

மாட்டுங்காவில் ஒரு டிராவல் ஏஜென்ட். நம்மவர்தான். அப்பா, அம்மாவுக்கு ஓர் அறை. நான், மனைவி, ஒன்பது வயது மகள் மூவருக்கும் ஓர் அறை என்று கணக்குப் போட்டோம். அப்பா, அம்மாவுக்குக் கடல் தெரியும் ஜன்னல் அறை என்றால், ஜன்னலே இல்லாத உள்ளறையைவிட இருவருக்குமாகச் சேர்த்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் அதிகம். நான் உதட்டைப் பிதுக்கியதை ஏஜென்ட் பார்த்துவிட்டார்.

"சார், கேரண்டி கேபின் போடுங்க. உள்ளறை விலைதான், அதிலேயும் இன்னும் கொஞ்சம் குறையும். நம்பர் மட்டும் பிறகு வரும். பல பேருக்கு ஜன்னல் அறை அடிச்சிருக்கு. ஒருத்தருக்கு பால்கனியே கொடுத்துட்டான்!"

பால்கனி கிடைத்த அந்த மகானுபாவர் யார் என்று நான் கேட்கவில்லை. கம்பளி கதை சொன்ன அடுத்த வீட்டுக்காரர் முகம்தான் மனதில் வந்தது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பினாங்கைப் பார்ப்பது போலவும், அதற்காக நான் ஒரு பைசா அதிகம் கொடுக்காதது போலவும் ஒரு காட்சி. பணத்தைக் கட்டிவிட்டேன்.

இந்தக் 'கேரண்டி' என்ற சொல்லை முதலில் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். கப்பல் அறைகளில் பெரும் பிரிவுகள் நான்கு: ஜன்னல் இல்லாத உள்ளறை, கடல் பார்த்த ஜன்னல் அறை, பால்கனி அறை, பிறகு சூட் என்கிற மாளிகை. ஒவ்வொன்றுக்குள்ளும் எந்தத் தளம், நடுவா, முன்பக்கமா, பின்பக்கமா என்று பார்த்துப் பல உட்பிரிவுகள், அதற்கேற்ற விலை. எண் குறிப்பிட்டு வாங்கினால் அந்த அறை நமது. கேரண்டியாக வாங்கினால், நாம் பணம் கட்டிய வகைக்குக் குறையாத ஓர் அறை நிச்சயம் என்பது மட்டும்தான் வாக்கு. எது, எங்கே என்பது கம்பெனியின் இஷ்டம். எண் சில வாரங்கள் முன்னாலும் வரலாம், கப்பலேறும் நாளிலும் வரலாம். இரண்டு அறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கேட்கும் உரிமையும் அதோடு போய்விடுகிறது. ஆர்.ஏ.சி.க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே படுக்க இடம் நிச்சயம். ஜன்னல் மட்டும் சார்ட் வந்தால்தான் தெரியும்.

கப்பல்காரர்கள் ஏன் இப்படி விற்கிறார்கள்? தயாள குணத்தால் அல்ல. எல்லாவற்றிலும் மலிவான உள்ளறைக்கு எப்போதும் கிராக்கி. இருக்கிற அறைகளைவிட நாலு அதிகமாகவே கேரண்டி என்று விற்றுவிட்டு, கடைசியில் மிஞ்சியவர்களை விற்காமல் கிடக்கும் மேல் வகைக்கு நகர்த்தினால், கீழே ஒரு படுக்கையும் காலியாகப் போகாது. காலியாகப் புறப்பட்ட அறை அடுத்த நாள் சந்தைக்கு வராத கத்தரிக்காய். அதை அப்புறம் விற்க முடியாது. ஆகவே அப்கிரேடு என்பது நமக்குத் தரும் பரிசு இல்லை, அவர்களுடைய கணக்கில் விழும் மீதி. அந்த மீதி யார் தலையில் விழும் என்பதை அறைகளின் அளவு தீர்மானிக்கிறது. மூன்று பேர், நான்கு பேர் படுக்கும் அறைகள் குறைவு. உயிர்காக்கும் படகுகளில் இத்தனை பேர்தான் என்ற கணக்கு வேறு இருப்பதால், ஒரு பகுதியில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளை இஷ்டத்துக்குத் திறந்துவிடவும் முடியாது.

இன்னொரு விஷயமும் அப்போது எனக்குத் தெரியாது. பெரிய கப்பல் கம்பெனிகள் பலவற்றில் கடந்த பத்துச் சொச்சம் வருஷங்களாக ஏல முறை வந்துவிட்டது. புறப்படச் சில வாரங்கள் இருக்கும்போது, "மேல் வகை அறைக்கு ஆளுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கடிதம் வரும். நாம் ஒரு தொகை எழுதலாம். ஏற்றுக்கொண்டால் பணம் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது. அறையில் ஒருவரே இருந்தாலும் பெரும்பாலும் இருவருக்கான தொகை. எந்த எண் என்பதும் அவர்கள் கையில்தான். முன்பு சும்மா கொடுக்க வேண்டியிருந்த காலி அறையை இப்போது விற்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்றால், சும்மா கொடுப்பது என்ன ஆகும்? பழைய கதைகளைச் சொல்லி ஆசை காட்டும் ஏஜென்ட்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது எண்கள் வந்தன. தினம் ராத்திரி சாப்பிட்ட கையோடு கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பது என் வழக்கமாகியிருந்தது. அன்று திறந்தேன். ஜன்னல் அறை விழுந்திருந்தது!

எனக்கு. என் மனைவிக்கும் மகளுக்கும். எட்டாவது தளம், பின்பக்கம். மூவர் படுக்கும் உள்ளறை தீர்ந்துபோயிருக்க வேண்டும். எங்களை மேலே தள்ளிவிட்டார்கள். அப்பா, அம்மாவுக்கு மூன்றாவது தளத்தில், கப்பலின் மூக்குக்கு அருகில், ஓர் உள்ளறை. அதாவது, கட்டிய பணத்துக்குச் சரியான அறை. குறை சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன். "உங்களுக்கு அப்கிரேடு ஆகியிருக்கே சார், வாழ்த்துக்கள்" என்றார்.

கப்பலேறியதும் முதல் வேலையாக வரவேற்பு மேஜைக்குப் போனேன். கப்பல் நிறைந்துவிட்டது, வேறு அறை இல்லை என்று அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள். நாங்களே எங்களுக்குள் மாற்றிக்கொள்கிறோம் என்றேன். ஆபத்துக் காலத்தில் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது அறைப்படி பதிவாகியிருக்கிறது, செலவுக் கணக்கும் அப்படியே; பெயர்களை மாற்ற முடியாது, வேண்டுமானால் கூடுதல் சாவி தருகிறேன் என்றாள். மேலும், எங்கள் மூவருக்கு அப்பாவின் அறையில் படுக்கையும் போதாது. அப்பாவிடம் நான் மட்டும் கீழே வந்துவிடுகிறேன், நீங்கள் மேலே போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"குழந்தை ஜன்னல் வழியா பார்க்கட்டும்டா. எனக்கு எதுக்கு அறை? நான் டெக் பாசஞ்சர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

இருபத்திரண்டாயிரம் மிச்சம் பிடித்ததன் பலன் ஒவ்வொன்றாக வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் உண்டு. இரவில் தலை சுற்றினால் கதவைத் தட்டும் தூரத்தில் நான் இல்லை. ஐந்து தளம் ஏறி, கப்பலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க வேண்டும். அப்பாவின் முழங்காலுக்கு அந்த நடை ஒரு பெரிய கோயில் பிரகாரம். ஒவ்வொரு வேளையும் லிப்ட் வாசலில் யாராவது ஒருவர் மற்றவருக்காகக் காத்து நின்றோம். நல்ல காலம், மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் சூழ்ந்தது. கடல் குளம் மாதிரி இருந்தது. அலை அடிக்கும் கடலாக இருந்தால் முன்கோடியிலும் பின்கோடியிலும்தான் ஆட்டம் அதிகம். நடுவில், கீழ்த் தளத்தில் இருப்பவர்களுக்கு வயிற்றைப் புரட்டுவது குறைவு.

உள்ளறையில் இன்னொன்று உண்டு: விளக்கை அணைத்தால் பகலும் ராத்திரிதான். அம்மா மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்து, விடிந்துவிட்டது என்று பல் தேய்த்துவிட்டாள். (சில புதிய கப்பல்களில் உள்ளறைச் சுவரில் பெரிய திரை வைத்து வெளியே தெரியும் கடலை அதில் காட்டுகிறார்கள். எங்களுடையதில் அது இல்லை.)

பினாங்கு வரும் காலை. ஆறு மணி இருக்கும். கப்பலின் முன்பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவதற்கென்று குறுக்குச் சுழலிகள் வைத்திருப்பார்கள். கரையில் ஒட்டும்போது அவை ஓடும். அப்பாவின் அறை அநேகமாக அதன் தலைக்கு மேலேயே இருந்திருக்க வேண்டும். மாவு மில்லுக்குள் படுத்திருந்த மாதிரி கட்டிலே அதிர்ந்தது என்றாள் அம்மா. அவள் பயந்துபோய் எங்கள் அறைக்குப் போன் செய்தாள். நான் போட்டிருந்த லுங்கியோடு ஓடினேன். அறையில் அம்மா மட்டும்தான் இருந்தாள். அப்பாவைக் காணோம்.

"சத்தம் கேட்டதும் எழுந்தார். 'பினாங்கு வந்துடுத்து'ன்னார். செருப்பைக்கூடப் போட்டுக்கலை."

பதினைந்து நிமிஷம் தேடினேன். பதினைந்து நிமிஷத்தில் ஒரு மனிதன் கடலையும் கைப்பிடிக் கம்பியையும் பற்றி என்னென்ன நினைக்கலாமோ அத்தனையும் நினைத்தேன். மேல்தளத்தில், சுத்தம் செய்கிறவர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால். எதிரே ஸ்வெட்டன்ஹாம் துறை, அதன் பின்னால் ஜார்ஜ் டவுனின் ஓட்டுக் கூரைகள், அதற்கும் பின்னால் குன்று. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். திட்ட வேண்டும் என்றுதான் போனேன்.

"அப்போ இங்கே இருந்து பார்த்தப்ப பெரிசா இருந்தது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா தோள்லேந்து பார்த்தேன் இல்லையா" என்றார்.

அன்று அவர்தான் எங்களை அழைத்துக்கொண்டு போனார். துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அதன் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, முழங்காலை மறந்து உள்ளே போனார். அந்த அச்சகம் இருந்த தெரு மட்டும் அகப்படவில்லை.

வாசகர்களில் சிலர் கேட்கலாம், அப்படியானால் கேரண்டியே வேண்டாமா என்று. அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டே பேர், நடக்கத் தெம்பு இருக்கிறது, அறை என்பது பெட்டி வைக்கவும் தூங்கவும்தான் என்றால் தாராளமாக எடுக்கலாம். மிச்சமாகும் பணம் நிஜமான பணம். ஆனால் எடுப்பதற்கு முன்னால் கப்பலின் தள வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வகையில் எது ஆக மோசமான அறை என்று தேடிப் பாருங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் கீழே, விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கிற அறையா? ஆட்டம் பாட்டம் நடக்கும் அரங்குக்கு மேலேயா? அடுத்த அறைக்குப் போகும் இடைக்கதவு உள்ளதா? அந்த அறை கிடைத்தாலும் சரி என்று உங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னால் பணம் கட்டுங்கள். யாருக்காகப் பயணமோ அவருடைய அறையை மட்டும் சீட்டுக் குலுக்கலில் போடாதீர்கள். நான் போட்டேன்.

ஜன்னல் என்று சொன்னாலும் ஜன்னலுக்கு எதிரே உயிர்காக்கும் படகு தொங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதை 'பார்வை மறைவு' என்று சிறிய எழுத்தில் போட்டு விலை குறைத்திருப்பார்கள். சில கம்பெனிகளில், எண் போட்டு வாங்கிய அறையிலிருந்து எங்களை நகர்த்த வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மேலே தூக்கிவிடுகிறேன் என்று நடுவிலிருந்து கோடிக்குக் கொண்டு போய்விட்டால் வயதானவர்களுக்கு அது ஏற்றமா, இறக்கமா?

எந்தப் பக்கம் என்பதைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் பி அண்ட் ஓ கப்பல்களில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள், வெயில் படாமல் இருக்க வரும்போது இடப்பக்க அறையும் போகும்போது வலப்பக்க அறையும் கேட்டார்களாம். அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்துதான் 'போஷ்' என்ற சொல் பிறந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி அச்சடித்த டிக்கெட் ஒன்றைக்கூட இதுவரை யாரும் காட்டியதில்லை. ஏஜென்ட் சொன்ன பால்கனிக் கதையும் இந்த ஜாதிதான் என்று இப்போது தோன்றுகிறது.

2021 செப்டம்பரில் மும்பையிலிருந்தே உல்லாசக் கப்பல் மறுபடி புறப்பட ஆரம்பித்தது: கார்டீலியா கம்பெனியின் 'எம்ப்ரெஸ்', 1990-ல் கட்டியது. 2023-ல் அப்பா, அம்மாவை அதில் லட்சத்தீவுக்கு அழைத்துப் போனேன். இந்தத் தடவை வரைபடத்தை மேஜையில் விரித்து, "நீங்களே சொல்லுங்கள்" என்றேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். நடுப்பகுதி, லிப்டுக்குப் பக்கம், கடல் பார்த்த ஜன்னல் என்று ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தார். அடுத்த அறையை நான் எடுத்தேன். பேரம் பேசவில்லை, ஆசை வார்த்தை கேட்கவில்லை, கேட்ட பணத்தைக் கட்டினேன்.

முதல் நாள் இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினேன். அம்மா திறந்தாள். அறையில் அப்பா இல்லை.

"மேலேதான். நாற்காலியை இழுத்துப் போட்டுண்டு படுத்திருப்பார், போய்ப் பாரு. ஒரு போர்வையை எடுத்துண்டு போ."

"ஜன்னலுக்காக இவ்வளவு காசு கொடுத்திருக்கேம்மா!"

"அதுக்கென்ன, நான் பார்த்துண்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பவும் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.